மலை உல்லாசமும் மனிதச் சுமையும்

விலை கொடுத்தால் எதையும் வாங்கலாம் என்னும் காலம் இது. கல்வியை வாங்கப் பள்ளிகள் இருக்கின்றன. புண்ணியத்தை வாங்கக் கோயில்கள் இருக்கின்றன. புகழை வாங்க மேடையும் மாலையும் இருக்கின்றன. எஞ்சி நின்றது துணிவு ஒன்றே. அதுவும் இப்பொழுது கடைச்சரக்காயிற்று. ‘சொகுசுச் சாகசப் பயணம்’ என்பது அச்சரக்கின் பெயர். முன்பணம் கட்டினாற் போதும். பனிமலை நாட்டில் வழிகாட்ட ஒருவன், மூட்டை சுமக்க ஒருவன், சமைக்க ஒருவன், கூடாரம் அடிக்க ஒருவன், விடியுமுன் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்க ஒருவன், மூச்சுத் திணறினால் தூக்கிவர ஒரு ஹெலிகாப்டர், அத்தனையும் ஆயத்தமாக நிற்கும். பணம் கட்டியவர் கைவீசி நடந்து, உச்சியருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பி வீரர் எனப் பெயர் பெறுவார். இவ்வாணிகத்தில் ஆபத்து சுமந்தவன் பங்கு. வீரம் பணம் கட்டியவன் பங்கு.

இதனைத் தமிழர் பத்திரிகையில் ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. நகரத்துத் தமிழருள் வசதி பெற்றோர் இச்சரக்கை இப்பொழுது ஆவலோடு வாங்குகின்றனர் என்பது ஒன்று. தோட்டத்துத் தமிழர் இதே கடையில் காட்சிப்பொருளாக விற்கப்படுகின்றனர் என்பது மற்றொன்று. வாங்குவோனும் தமிழன், விற்கப்படுவோனும் தமிழன் என்றால், பேசாதிருப்பது எங்ஙனம்?

பயணத்தை யாம் பழிக்கவில்லை. கிணற்றுத் தவளை வாழ்வை எந்தச் சீர்திருத்தக்காரனும் புகழமாட்டான். மலை ஏறுவதும், பிற நாட்டாரைக் காண்பதும், அவர் வாழ்வை அறிவதும் மனிதனை விரிவாக்கும். தமிழ் இலக்கியத்தில் மலைவழிக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. பத்துப்பாட்டுள் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன் பசியோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்படி வந்து விழும், பாறை எவ்விடத்தே வழுக்கும், எந்தச் சிற்றூரில் குறவர் விருந்தோம்புவர் என்றெல்லாம் அந்நூல் விரித்துரைக்கும். கொடுத்தவன் புகழைப் பாடுவதே அதன் நோக்கம் என்று குறை கூறுவோர் கூறுக. ஆயினும் அங்கே வழிகாட்டுவோனும் ஏழை, வழி கேட்போனும் ஏழை. இருவரும் தத்தம் யாழையும் முழவையும் தம் கூட்டத்தார் தோளிலேயே சுமந்து நடக்கின்றனர். வழியறிவு அங்கே ஓர் உதவி. இங்கே அது கூலிக்கு அமர்த்தப்பட்ட பணிவு.

இம்மலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1885-ஆம் ஆண்டு அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் என்பார் பகாங்கின் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவரோடு நடந்த மலாய்க்காரர் குலோப் ரியாவ் என்பார். அவர்களுக்கு முன்னரே, நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு, செமாய், தெமியார் என்னும் ஓராங் அஸ்லி மக்கள் இக்காட்டில் வாழ்ந்து இதன் தடம் ஒவ்வொன்றையும் அறிந்திருந்தனர். மலைக்கு வாய்த்த பெயரோ கேமரன். உடன் நடந்தவர் பெயரைப் பழஞ்செய்தி தேடுவோரே அறிவர். வழிவழியாக வாழ்ந்தோர் பெயரை எவரும் கேட்டதில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து கண்டு, வெள்ளையர் இளைப்பாறுதற்கேற்ற குளிரிடம் இதுவென முடிவு செய்தார். அதன் பின்னரே சாலையும் விடுதியும் தேயிலையும் வந்தன. ஆங்கிலத்தில் அச்சிட்ட வழவழப்பான விளம்பரத் தாள்கள் இன்றும் இம்மலையைக் ‘கண்டுபிடிக்க வாருங்கள்’ என்றே அழைக்கின்றன. ஆளில்லாத வீட்டைத்தான் கண்டுபிடிக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதற்கு வேறு பெயர் உண்டு.

இமயத்திலும் இதே கதைதான். பதினைந்தாம் சிகரம் என்று எண்ணிட்டு வைத்திருந்த மலைதான் உலகிலேயே உயர்ந்தது என்பதைக் கணக்கிட்டுக் கண்டவர், அளவைத் துறையில் கணக்கராய் இருந்த வங்காளி இராதாநாத் சிக்தார். இது 1852-இல் நிகழ்ந்தது என்பர். 1865-இல் அச்சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயரோ, ஓய்வு பெற்றுச் சென்றிருந்த துரை எவரெஸ்டின் பெயர். திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்று அழைத்துவந்ததைத் துரைத்தனம் பொருட்படுத்தவில்லை. கணக்கு எழுதியவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன். தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணிக்கு இது புதிய செய்தியன்று. பட்டியலில் பெயர் ஏறாத ஆளுக்குச் சம்பளம் இல்லை என்பதை அவன் மாதந்தோறும் காண்கிறான். உலகத்தின் பட்டியலும் அங்ஙனமே எழுதப்படுகிறது.

இனி நம் கண்முன் நடப்பதைப் பார்ப்போம். விடுமுறை நாள்களில் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாக ஏறும் கார்கள் கம்போங் ராஜாவைக் கடந்து, கோலா தெர்லா, திரிங்காப் வழியாகப் பிரிஞ்சாங் வரையில் அட்டைபோல் ஊர்கின்றன. அங்கிருந்து லேண்ட் ரோவர் வண்டிகள் வந்தவரை ஏற்றிக்கொண்டு, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிமிரும் பிரிஞ்சாங் மலைக்கும், பாசி படர்ந்த காட்டுக்கும் செல்கின்றன. போகும் வழியெங்கும் தேயிலைச் சரிவுகள். ‘இயற்கையின் எழிலைப் பாருங்கள்’ என்று வழிகாட்டி சொல்ல, வந்தோர் வியக்கின்றனர்.

எது இயற்கை? தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாய் வளர்ந்து நிற்கும். அதனை இடுப்பளவில் நிறுத்திப் பச்சைக் கம்பளம் போல் பரப்பி வைத்திருப்பது, கவ்வாத்து வெட்டும் கத்தியும், கொழுந்தெடுக்கும் கையும், களை பிடுங்கும் முதுகும் ஆகும். ஒரு பருவம் கொழுந்தெடுக்காது விட்டால் கம்பளம் கலையும்; சில ஆண்டுகள் விட்டால் காடாகும். ஆகவே இச்சரிவில் காண்பது இயற்கையின் எழில் அன்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் செய்யப்பட்டுவரும் வேலையின் எழில் அது. ஓவியத்தைப் புகழ்ந்து ஓவியனை மறப்பது அறியாமை; ஓவியன் பக்கத்தில் நிற்கும்போதே மறப்பது அவமதிப்பு.

அவ்வேலைக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதும் வரலாற்றில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் காடு வெட்டினர், பள்ளம் தோண்டினர், கன்று நட்டனர். 1938-இல் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 45 காசு, 35 காசு என வெட்டப்பட்டபோது, இந்திய அரசாங்கம் உதவிப்பணம் பெற்றுக் கூலிகள் வருவதையே தடைசெய்தது. ஒரே சரிவில் ஒரே கொழுந்து எடுத்தாலும் பெண்ணின் கைக்குப் பத்துக் காசு குறைவு என்பதையும் நம் பெண்கள் மறத்தலாகாது. இன்று மலேசியாவில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டதன்படி, 1,700 ரிங்கிட். தேயிலை வேலைக்கு நம்மவர் பலர் இப்போது வருவதில்லை. வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளியரும் வருகின்றனர். இங்கே சிறிது நின்று எண்ணுங்கள். நேபாளத்து மலைமகன் பிழைப்புக்கு வழியின்றி நம் மலைக்குக் கூலியாய் வருகிறான். நம் நகரத்து மகன் பொழுதுபோக்குக்கு வழிதேடி அவன் மலைக்கு உல்லாசியாய்ப் போகிறான். விமான நிலையத்தில் இருவரும் எதிரெதிரே கடந்திருப்பர். ஒருவரையொருவர் பார்த்திரார்.

நேபாளத்தில் நடந்தது ஒன்று கேளுங்கள். 2014 ஏப்ரல் 18-ஆம் நாள், எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து பதினாறு பேர் மாண்டனர். பதினாறு பேரும் நேபாளிகள். பணம் கட்டிய விருந்தினர் பின்னர் ஏறிவரும்பொருட்டு, கயிறும் ஏணியும் உணவும் கூடாரமும் முன்கூட்டியே மேலே கொண்டுபோகும் வேலையில் இருந்தவர்கள். அரசாங்கம் முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், ஏறத்தாழ 400 அமெரிக்க டாலர். ஷெர்ப்பாக்கள் சினந்து, அவ்வாண்டு ஏறமாட்டோம் என்று இறங்கிவிட்டனர். அப்பருவத்தின் ஏற்றமே குலைந்தது. வெளிநாட்டார் அம்மலை ஏற அனுமதிக் கட்டணம் 11,000 டாலராக இருந்தது, 2025 செப்டம்பரில் 15,000 டாலராயிற்று. வழிகாட்டிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு இதனின் வேறு. இவ்வனுமதிச் சீட்டொன்றின் விலை, நம் தோட்டத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டுச் சம்பளம். உயிருக்கு 400 என்றும் சீட்டுக்கு 15,000 என்றும் கணக்கெழுதும் உலகில், எது அரியது எது எளியது என்பதைச் சொல்ல வேண்டுமோ?

பூட்டான் நாட்டின் முறை வேறு. அங்கே செல்வோர் இரவொன்றுக்கு அரசாங்கத்துக்கே கட்டணம் செலுத்த வேண்டும். 2022-இல் 200 டாலராக உயர்த்தப்பட்ட அது, 2023-இல் 100 டாலராகக் குறைக்கப்பட்டது. கூட்டம் குறையும், மலை பிழைக்கும், வரும் பணம் மக்களுக்குப் பயன்படும் என்பர். நல்ல ஏற்பாடே; மறுக்கவில்லை. ஆயினும் ‘மகிழ்ச்சியே நாட்டின் செல்வம்’ என்று பேசும் அந்நாட்டிலிருந்து, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நேபாள மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேற்றப்பட்டுக் கிழக்கு நேபாளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்தனர். மடத்தையும் மலையையும் காட்டும் வழிகாட்டி அதனைக் காட்டமாட்டான். காட்ட அவனுக்கு உரிமையும் இராது. குடியுரிமை பறிக்கப்படுவது யாதென அறியாதவர் தமிழர் அல்லர். 1948-இல் இலங்கை இயற்றிய சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அதே மலையகத்தில் இன்று பழைய துரைமார் பங்களாக்கள் உல்லாச விடுதிகளாய் விளங்குகின்றன. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பீக்கோ பாதை என்னும் நடைவழியும் 2023-இல் நிறைவுற்றது. அப்பாதைகளைத் தேய்த்த கால்கள் யாருடையவை? அவர்தம் வழிவந்தோர்க்கு, நெடுநாள் போராடியபின், 2021-இலேதான் நாட்கூலி 1,000 ரூபாய் ஆயிற்று. லயத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்போர், லயத்துக்குள் எத்தனை பேர் ஓரறையில் படுக்கின்றனர் என்று கேட்டதுண்டா?

இவ்விடத்தே நம் பக்தர்களையும் விட்டுவிடல் ஆகாது. சாகசப் பயணம் வெள்ளைக்காரன் கண்ட புதுமை என்று எண்ணற்க. நம்மவர் அதனைப் பக்தியின் பெயரால் நெடுநாளாக நடத்திவருகின்றனர். சபரிமலையில் நால்வர் தோளில் டோலியேறிச் செல்பவர் பெறும் புண்ணியத்தில், தூக்கியவனுக்கு அரைக்கால் பங்கேனும் உண்டா? கேதாரநாதத்துக்கு ஹெலிகாப்டரில் பறந்து போய் நாழிகைக்குள் திரும்புவது யாத்திரையா, வேடிக்கையா? 2025 ஜூன் 15-ஆம் நாள் அங்கே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும், கைக்குழந்தை உட்பட, மாண்டனர். மலை கடவுளுடையதாயின் நடந்து போகட்டும். நடக்க இயலாதார் வீட்டிலிருந்தே வணங்கட்டும். கடவுளுக்கும் அவசரம் இல்லை. மலைக்கும் அவசரம் இல்லை. அவசரம் பணத்துக்கே.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. “பயணிகள் வராவிடின் ஷெர்ப்பாவுக்கு ஏது சோறு? கேமரன் மலையில் கீரை விற்போர், விடுதி வேலையாள், வண்டியோட்டி எல்லாரும் எங்ஙனம் பிழைப்பர்? உங்கள் பேச்சால் அவர்கள் அடுப்பு எரியுமா?” என்பர். உண்மையே. பயணிகளின் பணம் பல வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் இதே வாதத்தைக் கங்காணியும் அன்று சொன்னான். “கப்பல் ஏற்றாவிட்டால் ஊரில் பட்டினி கிடந்திருப்பாய்” என்றான். பட்டினியைக் காட்டிப் பாதிக் கூலி கொடுப்பது பழைய தந்திரம். வேலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. வேலைக்கு என்ன நியாயம், ஆபத்துக்கு என்ன ஈடு, இலாபத்தில் யாருக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

நியாயம் செய்யமுடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பெரு நாட்டில் இன்கா மலைப்பாதையில் சுமைகாரர் அளவின்றிச் சுமந்து நொந்தனர். 2001-இல் அந்நாடு சுமைகாரர்க்கென்றே சட்டம் இயற்றி, ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என விதித்தது. பாதை மூடப்பட்டுவிடவில்லை. பயணிகளும் வருகின்றனர், சுமைக்கும் எல்லை உண்டு. நேபாளத்துச் சுமைகாரர் வரலாறு இன்னும் ஊக்கமூட்டுவது. மூட்டை தூக்கும் வேலைக்கு 1935-இல் முதன்முதல் மலையேறிய டென்சிங் நோர்கே, 1953 மே 29-ஆம் நாள் எட்மண்ட் ஹில்லரியோடு எவரெஸ்டின் உச்சியில் நின்றார். 2021 ஜனவரி 16-ஆம் நாள், அதுவரை குளிர்காலத்தில் எவரும் ஏறாத கே-2 சிகரத்தின் உச்சியை மிதித்த பத்துப் பேரும் நேபாளிகளே. அவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று ஒருவரையொருவர் காத்திருந்து, ஒன்றாய்ச் சேர்ந்து ஏறினர். முதல்வன் யார் என்று உலகம் தனியே ஒருவன் பெயரை எழுத இயலாதபடி செய்தனர். பெயர்ப்பட்டியலின் அநியாயத்துக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேறில்லை. இன்று மலையேற்றக் கம்பெனிகள் பலவற்றின் முதலாளிகளும் ஷெர்ப்பாக்களே.

இம்மலையிலும் உண்மையை அறிந்து சொல்வார் வேண்டும். 1967 மார்ச் 26-ஆம் நாள் இங்கே உலாவப்போய் மறைந்த பட்டு வணிகர் ஜிம் தாம்சனின் கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. ஒரு செல்வர் காட்டில் மறைந்தால் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அது கதை. 2013 அக்டோபர் 23-ஆம் நாள், நடுநிசி கடந்த வேளையில், ரிங்லெட் அணையின் நீர் திறக்கப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு மனிதர் மாண்டனரே, அக்கதையைச் சொல்லும் வழிகாட்டி எத்தனை பேர்? மலைச்சரிவை மழிக்க மழிக்க மண் கரைந்து ஆற்றில் இறங்கும்; ஆறு அம்மண்ணை அணையில் கொண்டுபோய் நிரப்பும்; அணையில் நீருக்கு இடம் குறையும்; கனமழையில் கதவு திறக்கப்படும்; கீழே ஏழை உறங்கிக்கொண்டிருப்பான். இந்தச் சங்கிலியைக் காட்டுவதே இம்மலையின் மெய்யான சுற்றுலா. பாசிக்காட்டில் ஒரு படமும் தேயிலைக்கடையில் ஒரு கோப்பையும் அதற்கு ஈடாகா.

ஆதலின் தோட்டத்துத் தோழர்களே! உங்கள் பிள்ளைகள் காட்சிப்பொருளாய் நிற்கவேண்டியதில்லை. நாட்டின் சட்டப்படி உரிமம் பெற்ற வழிகாட்டிகள் உண்டு. இயற்கை இடங்களைக் காட்டுவோர்க்கெனத் தனியே பச்சை வில்லை இருக்கிறது. பள்ளி முடித்த நம் இளைஞரும் இளம்பெண்களும் அப்பயிற்சியைப் பெறட்டும். ஓராங் அஸ்லி இளைஞரை உடன் சேர்த்து, கூட்டுறவாய் வண்டி வாங்கி, தாமே நடத்தட்டும். தம் பாட்டன் வெட்டிய சாலையைப் பற்றியும் பாட்டி எடுத்த கொழுந்தைப் பற்றியும் தாமே சொல்லட்டும். தன் கதையைப் பிறன் சொல்லக் கூலி வாங்கிக்கொண்டு நிற்பவனுக்கும், தன் கதையைத் தானே சொல்லி உண்பவனுக்கும் உள்ள தூரம், அடிமைக்கும் குடிமகனுக்கும் உள்ள தூரமாகும்.

நகரத்து அன்பர்களே! உங்களையும் போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. இமயத்துக்கும் போங்கள்; பூட்டானுக்கும் போங்கள்; கண்டிச் சீமைக்கும் வாருங்கள்; எங்கள் கோலா தெர்லாவுக்கும் வாருங்கள். பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். சுமப்பவனுக்கு நாட்கூலி எவ்வளவு? அவன் மாண்டால் குடும்பத்துக்கு ஈட்டுறுதி எவ்வளவு? ஒருவன் முதுகில் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்? இரவில் அவன் படுப்பது எங்கே? விடை சொல்லாத கம்பெனிக்குக் காசு கொடாதீர்கள். உங்கள் மூட்டையில் ஒரு பாதியையேனும் நீங்களே சுமவுங்கள். மூச்சு வாங்கும், வாங்கட்டும். ஏறியவன் யார் என்பது அப்பொழுதேனும் உங்களுக்கு விளங்கும். திரும்பி வந்து நண்பரிடம் மலையின் உயரத்தைச் சொல்லும்போது, உங்களை ஏற்றிவிட்ட ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் நினைவில் இல்லையெனில், நீங்கள் மலைக்குப் போகவில்லை; பணம் போய் வந்திருக்கிறது.